தண்ணீர் இடைவேளையில் கேட்டது

ரமணன் தொலைபேசியில் கேட்டது நாலு பக்கம். "சிவா அண்ணை, எங்கட கழகத்துக்கு வெள்ளிவிழா வருது. மலர் ஒண்டு அடிக்கிறம். இந்தப் பக்கத்தில முதல் விசில் பிடிச்ச தமிழன் நீங்கள்தானே. பழைய கதையள், பகிடியள், உங்கட அனுபவம் எண்டு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. ஒரு போட்டோவும் வேணும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொல்லி மூன்று வாரமாகிறது. மேசையில் உட்காருகிறேன், எழும்புகிறேன். பல்கனிக்குப் போகிறேன், திரும்பிக் குசினிக்கு வருகிறேன். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடக்கச் சொன்னது டாக்டர்தான், ஆனால் அவர் இப்படி நடக்கச் சொல்லவில்லை. "ஒண்டில் இருங்கோ, இல்லாட்டி வெளியில போங்கோ. பாக்க எனக்குத் தலை சுத்துது" என்கிறா மனைவி. ஒரு கிராமத்துச் சபையிலிருந்து ஒரு கடிதம் வரவேண்டியிருக்கிறது. அது எனக்கு வரும் கடிதம் அல்ல. இருந்தும் இருப்புக் கொள்ளவில்லை.

பகிடி கேட்டாய், எழுதுகிறேன் ரமணன். ஆனால் நீ கேட்காத ஒன்றையும் எழுதப் போகிறேன். அது உன்னைப் பற்றியது, உன்னைவிட என்னைப் பற்றியது. அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் உன் பாடு.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவிஸில், லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். கிழமை நாட்களில் சலாட் வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்திரண்டு பேருக்கு நடுவில் விசிலோடு ஓடினேன். இப்போது இரண்டிலிருந்தும் ஓய்வு. என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் உதைபந்தாட்ட நடுவர் என்றுதான் சொல்வேன். குசினியில் என் பெயர் யாருக்கும் தெரியாது, "தமிலே", அதாவது தமிழன், என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கு முன்னால் "ஹெர்", அதாவது திருவாளர் என்று போட்டு என்னை முதன்முதல் கூப்பிட்ட இடம் ஒரு சேற்று மைதானம். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மழையிலும் பனியிலும் ஓடியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

நடுவரானது என் கெட்டித்தனத்தால் அல்ல. நான் பந்தடித்த சுவிஸ் கழகம் சங்கத்துக்கு ஒரு நடுவரைக் கொடுக்க வேண்டும், திட்டு வாங்க ஒருவரும் முன்வரவில்லை, என்னை அனுப்பினார்கள். மூன்று வாரக் கடைசிகள் வகுப்பு, எல்லாம் ஜெர்மன் மொழியில். சட்டப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிப் பாடமாக்கினேன். ஓட்டப் பரீட்சை, எழுத்துப் பரீட்சை, இரண்டும் பாஸ். கறுப்புச் சட்டையைத் தந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு தகப்பன் கோட்டுக்கு வெளியே நின்று, "ஏய், அடுப்பில் சோறு கருகுது, வீட்டுக்குப் போ" என்று கத்தினார். பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு அடுப்பில் உண்மையாகவே சோறு இருந்தது.

இப்போது பகிடி. எங்கள் குசினியில் இரண்டாவது பெரிய ஷெஃப் பெயாட் என்றொரு ஆள். கத்தியைத் தப்பாகப் பிடித்தாலே குசினி அதிரக் கத்துவார். ஒரு ஞாயிறு, பக்கத்துக் கிராம அணியின் பின்வரிசையில் அவரே நிற்கிறார். இருபதாவது நிமிடம் பின்னாலிருந்து ஒருவனின் காலை வாரினார். மஞ்சள் அட்டையை எடுத்தேன். அவர் கிட்ட வந்து, "தமிலே, நாளைக்கு எட்டு மணிக்கு வேலை, மறந்துவிடாதே" என்றார். திங்கட்கிழமை எனக்காக இரண்டு மூட்டை வெங்காயம் காத்திருந்தது. அடுத்த வருடம் அதே மைதானத்தில் அதே மனுசனுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். அந்தத் திங்கட்கிழமை மூன்று மூட்டை. நான் உரித்தேன், ஆனால் அட்டையை மாற்றவில்லை. இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமை. பயப்படாத ஆள் நான் என்று நானே என்னை நம்பிக்கொண்டேன்.

நடுவர்களான எங்களைச் சோதிக்க வருபவர் ஹெர் ஓடர்மாட். ஒரு சிறிய ரயில் நிலையத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானம் சேறாய்க் கிடந்தாலும் அவருடைய சப்பாத்து பளபளக்கும். தேநீர்க் குடுவையோடு வந்து ஓரத்தில் தனியே உட்காருவார், கை தட்ட மாட்டார், முகத்தைச் சுழிக்கவும் மாட்டார். ஆட்டம் முடிந்ததும் இரண்டே வசனம் சொல்லுவார். முதல் தடவை எனக்குச் சொன்னது இது: "உங்கள் விசில் அனுமதி கேட்கிறது, ஹெர் சிவா. அடுத்த முறை கேட்காமல் ஊதுங்கள்."

அறிக்கை எழுதுவதுதான் அவருடைய உயிர். சிவப்பு அட்டை காட்டினால் ஒரு படிவம் நிரப்பித் திங்கட்கிழமைத் தபாலில் போடவேண்டும். நிமிடம், வீரரின் இலக்கம், தூரம், நடுவர் நின்ற இடம், கடைசியில் "சொல்லப்பட்ட வார்த்தைகள்" என்று ஒரு நீண்ட கட்டம். மழையில் மை கரையும் என்று பென்சில்தான் பாவிக்கச் சொல்லுவார். என் முதல் அறிக்கையில் "வீரர் என்னை அவமதித்தார்" என்று எழுதியிருந்தேன். திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அவமதித்தார் என்பது உங்கள் அபிப்பிராயம். அபிப்பிராயம் ஒழுக்காற்றுக் குழுவின் வேலை. நீங்கள் என்ன கேட்டீர்கள்?" சொன்னேன். மகா கெட்ட வார்த்தை. "அதை எழுதுங்கள். முழுதாக. கேட்டது எது, நினைத்தது எது என்று பிரிக்கத் தெரியாதவர் விசிலைக் கீழே வைக்கலாம்." அன்றிலிருந்து எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அந்தப் பழக்கம்தான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒரு வசந்த காலம், ஒரு கிராமத்து மைதானம். விருந்தாளி அணியின் முன்வரிசையில் ஒரு கறுப்பு இளைஞன். தகப்பன் கொங்கோ, தாய் இந்த மாநிலத்துக்காரி, அவன் பேசும் உள்ளூர் ஜெர்மன் மைதானத்தில் மற்ற எவரையும்விடச் சுத்தம். அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் குரங்கு மாதிரி ஒலி எழுப்பினார்கள். ஆட்டத்தை நிறுத்தினேன். இரண்டு கப்டன்மாரையும் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. திரும்பவும் அதே ஒலி. இரண்டு அணிகளையும் உடைமாற்றும் அறைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து ஐந்து நிமிடத்தில் மீண்டும். ஆட்டத்தைக் கைவிட்டேன். அப்போதெல்லாம் கீழ் லீக்கில் அப்படி ஒருவரும் செய்ததில்லை. ஊரார் என் காரைச் சுற்றி நின்றார்கள். பயந்தேன்தான், ஆனாலும் படிவத்தை ஒரு வரி விடாமல் நிரப்பினேன். ஹெர் ஓடர்மாட் வாசித்துவிட்டு, "எத்தனை தடவை அந்த ஒலி?" என்றார். எண்ணவில்லை என்றேன். "எண்ணியிருக்க வேண்டும்" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. லண்டனில் இருக்கும் தம்பி போன் எடுத்தான். அவன் அங்கே உதைபந்தாட்டம் என்றால் சாப்பாட்டை மறப்பவன். "இஞ்சை, அண்ணை, வெண்டால் இங்கிலீசுக்காரன், பெனால்டியை வெளியில அடிச்சால் கறுப்பன். அடுத்த நாள் ரோட்டில எங்களையும் ஒரு மாதிரித்தான் பாப்பாங்கள். நீ அங்கை ஒரு மட்சையே நிப்பாட்டிப் போட்டாய்" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோசம். சில மாதங்கள் கழித்து என் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நேர்முகம். குழுத் தலைவரின் கோப்பில் அந்தப் பத்திரிகைத் துண்டு செருகியிருந்தது. மலையின் பெயர் கேட்டார்கள், குப்பை போடும் நாள் கேட்டார்கள், பிறகு உதைபந்தாட்டம் கதைத்தார்கள். சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. என் விசில் வாங்கித் தந்த கடவுச்சீட்டு அது.

அடுத்த ஓகஸ்ட் மாதம்தான் அது நடந்தது. இருபது வருடம் ஆகிறது.

யோகனுக்கு அப்போது இருபத்துநாலு வயது. மலையடியில் ஒரு கிராமத்தில் இருந்தான், வீட்டுக் கூரை போடும் கம்பெனி ஒன்றில் வேலை. அந்தக் கிராமத்துக் கழகத்தின் பின்வரிசையில் அவன் மட்டுமே தமிழன். முன்னர் ஒருமுறை எங்கள் தமிழ்க் கழகத்தின் பயிற்சிக்குப் போயிருக்கிறான், அதற்குப் பிறகு போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஊர்ப் பெயரைக் கேட்டு, குறிச்சியைக் கேட்டு, தகப்பனின் தொழிலைக் கேட்டு ஒரு இடத்தில் வந்து நிற்கும் பழக்கம் உண்டு. எனக்கும் உண்டு. அவனைப் பற்றிய அந்தக் கணக்கை நானும் எப்போதோ போட்டு முடித்திருந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அவனுடைய குடியுரிமை விண்ணப்பத்தைக் கிராமத்துச் சபை எடுக்க இருந்தது. அங்கெல்லாம் அயலவர்கள்தான் தீர்மானிப்பது. கழகத் தலைவர் அவனுக்கு நல்ல கடிதம் கொடுத்திருந்தார். ஆட்டம் தொடங்கமுன் அதை அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான்.

எதிரணி எங்கள் தமிழ்க் கழகம். கப்டன் நீ, ரமணன். இருபத்தைந்து வயது, இந்த மாநிலத்திலேயே கெட்டிக்காரக் கப்டன்.

வெயில் கொளுத்தியது. அந்த மைதானத்தில் ஒரு மரம் இல்லை. இரண்டாவது பாதியில் தண்ணீர் இடைவேளை கொடுத்தேன். எங்கள் லீக்கில் கோட்டு நடுவர்கள் கிடையாது, நான் ஒருவன்தான். போத்தல்கள் எல்லாம் பக்கக் கோட்டோரம் கலந்து கிடந்தன, இரண்டு அணியினுடையவையும். யோகன் குனிந்து ஒன்றை எடுத்தான். அது தமிழ்க் கழகத்தின் போத்தல். வாயில் வைக்கவில்லை, மூடியைத்தான் திறந்தான்.

நீ சொன்னாய்: "டேய், எங்கட போத்திலை வை. உனக்குச் சிரட்டை கொண்டந்து தரட்டோ?"

உன் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நின்றது மூன்று மீற்றர் தூரத்தில். சுவிஸ்காரர்கள் யாரும் தலை திருப்பவில்லை, அவர்களுக்கு அது ஏதோ தமிழ்.

யோகன் உன்னைப் பார்க்கவில்லை. முதலில் என்னைத்தான் பார்த்தான். "கேட்டனீங்கள்தானே?" என்றான்.

அந்த இடத்தில் ஒரு நடுவர் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். சட்டத்தில் இருக்கிறது. விசில், சிவப்பு அட்டை, உனக்கு. ஐந்து செக்கன் வேலை. குரங்கு ஒலிக்கு ஒரு முழு ஆட்டத்தை நிறுத்தியவன் நான். அன்றைக்கு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு. தண்ணியைக் குடியுங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவன் அடித்தான். போத்தலை மூடிக் கீழே வைத்துவிட்டு உன் மூக்கில் ஒரே ஒரு அடி. இரத்தம். மற்றவர்கள் ஓடி வந்தார்கள். நான் விசில் ஊதி, இரண்டு அணியையும் பிரித்து, நாலு மீற்றர் தள்ளி நின்று அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். நிமிடம் அறுபத்தெட்டு. படித்தபடி எல்லாம் சரியாகச் செய்தேன். அவன் மறுத்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. என்னைக் கடந்து போகும்போது, "நீங்களும் கேட்டனீங்கள்" என்று மட்டும் சொன்னான். கோட்டோரம் நின்ற கிராமத்தார் தோளைக் குலுக்கினார்கள். தமிழர்கள் தங்களுக்குள் அடிபடுகிறார்கள், அவ்வளவுதான்.

சிரட்டை ஏன் அடிக்கும் அளவுக்கு ஒரு சொல் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் சில மனிதர் கிணற்றைத் தொடக்கூடாது, செம்பைத் தொடக்கூடாது, பேணியில் வாய் வைக்கக்கூடாது. அவர்களுக்கென்று வேலியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை செருகியிருக்கும். தாகமென்றால் அதை எடுத்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டும், யாராவது மேலேயிருந்து ஊற்றுவார்கள். ரமணன், நீ ஆறு வயதில் இங்கே வந்தவன். அப்படி ஒரு சிரட்டையை நீ கண்ணால் கண்டிருக்க மாட்டாய். இந்த நாட்டுப் பிளாட்டுகளில், சோபாவில் இருந்து கதைத்த பெரியவர்களின் வாயிலிருந்துதான் நீ அதைப் பொறுக்கியிருப்பாய். அந்தச் சோபாக்களில் நானும் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு யோகன் ஹோட்டலின் பின் கதவுக்கு வந்தான், வேலை உடுப்போடு. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம்.

"அண்ணை, நான் அடிச்சதை எழுதுங்கோ. எத்தனை மட்ச் தடை எண்டாலும் தரட்டும். ஆனா கேட்டதையும் எழுதுங்கோ. சும்மா அடிச்சன் எண்டு வந்தால் ஊரில என்ர பாஸ்போட் பேப்பர் போச்சு."

"இதை வெள்ளையளுக்கு எப்பிடித் தம்பி விளங்கப்படுத்திறது? சிரட்டை எண்டால் சிரிப்பாங்கள். விளங்கினாலும் எங்கட மானம்தான் போகும்."

"ஆருடைய மானம், அண்ணை?"

"உள்ளை சலாட் கிடக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அந்த வசனத்தை நினைக்கும்போது இன்றைக்கும் கூசுகிறது.

மத்தியான இடைவேளையில் படிவத்தை நிரப்பினேன். நிமிடம், இலக்கம், தூரம் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில், "சொல்லப்பட்ட வார்த்தைகள்" என்ற இடத்தில், ஒரு கோடு போட்டேன். ஒன்றுமில்லை என்று பொருள். தபாற் பெட்டியில் போட்டபோது பென்சில் இன்னும் என் காதில் செருகியிருந்தது.

புதன்கிழமை ஹெர் ஓடர்மாட் தொலைபேசியில் வந்தார். "ஹெர் சிவா, ஒரு கோடு இருக்கிறது."

"ஆம்."

"தண்ணீர் குடிக்கும் நேரத்தில், ஒருவர் இன்னொருவரை, ஒரு வார்த்தையும் இல்லாமல் அடித்தார்?"

"நான் எதையும் கேட்கவில்லை."

"நீங்கள் எழுதிய அறிக்கைகளில் இதுதான் ஆகக் குட்டை" என்றார். வைத்துவிட்டார். அதைப் பற்றி அவர் மறுபடி கேட்கவே இல்லை. அவர் இறந்து ஆறு வருடமாகிறது. செத்தவீட்டில் பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றபோது அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை.

யோகனுக்கு எட்டு ஆட்டம் தடை. அறிக்கையின் பிரதி கழகத்துக்குப் போனது, கழகத்திலிருந்து கிராமத்துச் சபைக்குப் போனது. காரணமில்லாமல் அடிக்கும் ஆள், இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. உனக்கு ஒரு தடையும் இல்லை, ரமணன். அந்த வருடம் உங்கள் கழகம் லீக்கில் மேலே போனது. கிண்ணத்தோடு எடுத்த படத்தில் நானும் நிற்கிறேன். மலருக்கு நீ கேட்கும் போட்டோ அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் எழுதவில்லை என்று இருபது வருடமாக எனக்கு நானே காரணம் சொல்லி வந்திருக்கிறேன். எங்கள் இனத்துக்கு இங்கே கெட்ட பெயர் வரும். ஜெர்மனில் இதற்குச் சொல் இல்லை. கழகம் உடையும். எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. உண்மைக் காரணம் வேறு. அதை மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

யோகன் பிறகு பஸ் ஓட்டப் படித்தான். சில வருடமாக லுசேர்ணில், நிலையத்திலிருந்து எங்கள் பக்கம் வரும் பஸ்ஸே அவனுடையது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தால் நான் தரிப்பில் பின்னுக்குப் போய் நிற்பேன். ஒருநாள் மனைவி கேட்டா, "ஏன் இந்தப் பஸ்சை விட்டனீங்கள்?"

"சரியான சனம்" என்றேன்.

பஸ்ஸில் இரண்டு பேர் இருந்தார்கள். அவ பஸ்ஸைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு நாள் மழையும் பனியுமாய்க் கொட்டியது, முழங்கால் வலி உயிர் போனது. அவனுடைய பஸ்தான் வந்தது. பின் கதவால் ஏறிக் கடைசிச் சீற்றில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கண்ணாடியில் என்னைக் கண்டிருக்கிறான். என் தரிப்பில் கதவு திறந்தது, எழும்ப முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. கடைசித் தரிப்பில் மற்றவர்கள் இறங்கிய பிறகு எழும்பி என்னிடம் வந்தான்.

"அண்ணை, எனக்கு ஏழு நிமிசம் கிடக்கு" என்றான். அதே ஆள்தான், தலை மட்டும் நரைத்துவிட்டது. "திரும்பவும் பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறன். அதே ஊர்தான். பழைய கோப்பு இன்னும் அவையளிட்டக் கிடக்கு. ஏன் அடிச்சனீர் எண்டு இப்பவும் கேக்கினம். சொன்னன். ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நானே கட்டின கதை எண்டு நினைக்கினம்."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்னைத் தெரிஞ்ச மூண்டு பேரின்ர பேர் கேட்டவை. மூண்டாவதா உங்கட பேரைப் போட்டிருக்கிறன்."

"என்னை ஏன் தம்பி?"

"அண்டைக்குக் கிட்ட நிண்டது நீங்கள்தானே."

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் அவனுடைய தண்ணீர்ப் போத்தல் இருந்தது. என் கண் அதில் போய் நின்றது. அதைக் கேட்டு வாங்கி ஒரு மிடறு குடித்தால் என்ன என்று ஒரு நினைப்பு. அவன் கண்டுகொண்டான்.

"போத்திலைப் பாக்காதைங்கோ அண்ணை. குடிச்சுக் காட்டுறது லேசு. அவையள் கூப்பிடேக்கை வந்து சொல்லுங்கோ. இல்லாட்டி அண்டைக்குப் போல கோடு ஒண்டு போட்டுவிடுங்கோ."

நேரம் பார்த்தான். ஏழு நிமிடம் முடிந்திருந்தது. முன்னால் போய் இருந்து பஸ்ஸைத் திருப்பினான். என் தரிப்பில் கதவு முழுதாகத் திறந்து, நான் இறங்கி நடைபாதையில் காலை வைக்கும்வரை நின்றது.

சித்திரையில் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னான கிழமை நான் யாருக்கும் உதவாத ஆளாக இருந்தேன். கறிக்கு உப்பை இரண்டு தரம் போட்டேன். "கோவிலுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்றா மனைவி. கோவிலில் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள், அவர்களும் அதே சோபாக்காரர்கள், போகவில்லை.

கிராமச் சபையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. நீளமான மேசை. மூன்று பேர். தலைவி ஒரு மிருக வைத்தியர், ஐம்பது வயது இருக்கும், சப்பாத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது. மற்றவர்களில் ஒருவர் தச்சர், ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். யோகன் கழுத்துப்பட்டி கட்டிச் சுவரோரம் இருந்தான். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

தலைவி கோப்பிலிருந்து ஒரு மஞ்சளித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. பென்சில் கொஞ்சமும் மங்கவில்லை. கடைசிக் கட்டத்தில் அந்தக் கோடு.

"இங்கே வார்த்தை எதுவும் சொல்லப்படவில்லை என்றிருக்கிறது. அது சரியா?"

"பிழை" என்றேன். "சொல்லப்பட்டது. நான் மூன்று மீற்றரில் நின்று கேட்டேன்."

சொன்னேன், முதலில் தமிழில், ரமணன் சொன்னபடியே. பிறகு ஜெர்மனில். தேங்காய் ஓடு என்றதும் தச்சர் நல்லெண்ணத்தோடு சிரித்தார். போன வருடம் விடுமுறையில் தாய்லாந்து போனாராம், அங்கே அதில்தான் ஐஸ்கிரீம் தந்தார்களாம், அழகாக இருந்ததாம். யோகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடத்துக்கு முன்னால் நான் பயந்த அதே சிரிப்பு. கேட்டபோது பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

கிணற்றைச் சொன்னேன், வேலியைச் சொன்னேன், குந்தியிருப்பதைச் சொன்னேன். அவனுடைய தகப்பனும் பாட்டனும் எப்படி அதில் குடித்திருப்பார்கள் என்று சொன்னேன். என் ஜெர்மன் தடுமாறியது, ஆனால் நிறுத்தவில்லை. தச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று யோகன் முதலில் என்னிடம்தான் கேட்டான், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

தலைவி மட்டும் பேனாவை மூடி வைத்திருந்தார். நான் முடித்ததும் அவர் கேட்டது, ஹெர் ஓடர்மாட் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

"இந்த வழக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டீர்களா, பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"எங்கே?"

"என் வீட்டில். எங்கள் கிணற்றடி வேலியில் ஒன்று இருந்தது."

யோகன் நிமிர்ந்தான். அன்றைக்கு அவன் என்னை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"தண்ணீரை யார் ஊற்றுவது?"

பனை ஏறிவிட்டு வந்து வேலிக்கு வெளியே குந்தியிருக்கும் மனிதர்கள். என் தகப்பனைவிட வயதானவர்கள். வாளி அவர்களின் கையில் பட்டுவிடக்கூடாது என்று ஒரு முழம் உயர்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டை மாற்றமுன் அதைச் செய்வேன். தண்ணீர் முழங்கையால் வழிந்து அவர்களின் மடியை நனைக்கும். நான் சிரித்திருக்கிறேன்.

"நான்" என்றேன்.

தலைவி பேனாவைத் திறந்தார். ஒரு சொல் விடாமல் அதை எழுதினார்.